ஏணியில் எந்தப் படி? மகிழ்ச்சிப் பட்டியல், விலைவாசி, வளர்ச்சி: வாசகர் கேள்வி–பதில்

நாடு நன்றாக இருக்கிறதா, மக்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா என்பதை ஒட்டி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து நிறைய கடிதங்கள் வந்துள்ளன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் ஊர் டீக்கடையில் தினமும் இதே சண்டைதான். 2025 உலக மகிழ்ச்சி அறிக்கையில் இந்தியாவுக்கு 118-ஆம் இடம், பாகிஸ்தானுக்கு 109. ஆட்சி தோற்றதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. வெள்ளைக்காரன் போடும் பட்டியலை எவன் நம்புவான் என்கிறது இன்னொரு தரப்பு. எது சரி?
— வாசகர், பாலக்கோடு

பதில்: முதலில் அந்தப் பட்டியலுக்காக என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம். கேட்பது ஒரே ஒரு கேள்வி. "0 முதல் 10 வரை படி உள்ள ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். உச்சிப் படி உங்களுக்கு அமையக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை. அடிப் படி மிக மோசமான வாழ்க்கை. இப்போது எந்தப் படியில் நிற்பதாக நினைக்கிறீர்கள்?" ஹாட்லி கேன்ட்ரில் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1965-இல் வகுத்த முறை இது. கேள்வியில் 'மகிழ்ச்சி' என்ற சொல்லே கிடையாது. அரசு, பிரதமர், கட்சி எதுவும் கிடையாது. ஒருவர் தன் வாழ்க்கைக்குத் தானே போடும் மதிப்பெண், அவ்வளவுதான். இதை 'ஆட்சிக்கு மக்கள் தந்த மார்க்' என்று வாசிப்பது அதனால் தவறு.

கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் வழக்கமாக ஒரு நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 பேரிடம் கேட்கிறது. மூன்று ஆண்டு விடைகளின் சராசரியை வைத்து வரிசை போடுகிறார்கள். 140 கோடிப் பேருக்கு இந்த எண்ணிக்கை போதுமா என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. ஆட்களைச் சரியாகக் குலுக்கி எடுத்தால் நாட்டின் சராசரிக்கு அது போதும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனால் அதே சோற்றை வைத்து அடுத்த வீட்டுப் பானையைப் பதம் பார்க்க முடியாது. 2011 கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்ட மக்கள்தொகை 15.07 லட்சம், கிருஷ்ணகிரி 18.80 லட்சம். நாட்டு மக்கள்தொகை 121 கோடி. விகிதப்படி பார்த்தால் 1,000 பேரில் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து மூன்று பேர்கூட வர மாட்டார்கள். "நம்ம மாவட்டமே சோகத்தில் இருக்கிறது, அறிக்கை சொல்கிறது" என்று யாராவது மேடையில் பேசினால், அந்த அறிக்கையில் அப்படி ஒரு தகவல் இருக்கவே வழியில்லை.

பாகிஸ்தான் விஷயம். 2025 அறிக்கையில் இந்தியாவின் மதிப்பெண் 4.389. பாகிஸ்தான் அதைவிட ஏறத்தாழ 0.4 கூடுதல். எல்லோரையும் கேட்காமல் சிலரை மட்டும் கேட்பதால் வரக்கூடிய பிழையின் எல்லையை இந்த இடைவெளி தாண்டியது. அதனால் 'சதி' என்று தள்ளிவிட முடியாது. அந்த நாட்டில் கேட்டபோது அவர்கள் தங்களை இன்னும் சற்று உயர்ந்த படியில் வைத்தார்கள், அது உண்மை. ஆனால் அங்கே விலைவாசியும் வேலையும் நம்மைவிட மேல் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. படி என்பது ஒருவர் எதை எதிர்பார்க்கிறார், யாரோடு தன்னை ஒப்பிடுகிறார் என்பதையும் பொறுத்தது. ஓசூரில் இரண்டு சக்கர வண்டித் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை பார்க்கும் பையன், பக்கத்து லைனில் நிற்கும் நிரந்தரத் தொழிலாளியோடு ஒப்பிட்டுத்தான் தன் படியைச் சொல்வான். ஊரில் மானாவாரிக் கேழ்வரகு போடும் தன் தாத்தாவோடு ஒப்பிட மாட்டான். வருமானம் ஏறினாலும் படி அசையாமல் நிற்பதற்கு இது ஒரு காரணம். 1974-இல் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் என்ற பொருளாதார அறிஞர் இதை எழுப்பினார். இன்றுவரை வாதம் முடியவில்லை.

இனி சண்டையின் உண்மையான முடிச்சு: எந்த ஆண்டிலிருந்து எண்ணுகிறோம்? 2013 அறிக்கையில் இந்தியாவின் மதிப்பெண் 4.772, இடம் 111. 2019-இல் 4.015, இடம் 140. 2020-இல் 3.573, இடம் 144. 2024-இல் 4.054, இடம் 126. 2025-இல் 4.389, இடம் 118. 2013-இலிருந்து தொடங்குகிறவர் "சரிந்துவிட்டது" என்பார். 2020-இலிருந்து தொடங்குகிறவர் "ஏறிக்கொண்டே வருகிறது" என்பார். இருவர் கையிலும் இருப்பது ஒரே பட்டியல்தான். எதிராளி ஒரு எண்ணைச் சொன்னதும், "அதற்கு முன் என்ன, பின் என்ன?" என்று கேளுங்கள். பட்டியலில் உள்ள நாடுகளின் எண்ணிக்கையும் மாறுகிறது: 2020-இல் 153 நாடுகள், 2025-இல் 147. நமக்குக் கீழே இருந்த நாட்டில் ஒரு வருடம் கணக்கெடுப்பு நடக்காவிட்டால் நம் இடம் தானாகவே மாறும். அதனால் இடத்தை விட்டுவிட்டு மதிப்பெண்ணைப் பாருங்கள்.

கேள்வி: தலா வருமானம், சமூக ஆதரவு, ஆரோக்கியமான ஆயுள், சுதந்திரம், ஈகை, ஊழல் பற்றிய எண்ணம் என்ற ஆறையும் கூட்டித்தான் மகிழ்ச்சி மதிப்பெண் போடுகிறார்கள் என்று போட்டித் தேர்வு வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். அப்படியானால் ஜிடிபி (நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பு) ஏறினால் மதிப்பெண்ணும் ஏற வேண்டுமே?
— கல்லூரி மாணவி, கிருஷ்ணகிரி

பதில்: கூட்டுவதில்லை. மதிப்பெண் முழுக்க அந்த ஏணிக் கேள்வியின் விடை. நாடுகளுக்கிடையே அந்த விடை ஏன் வேறுபடுகிறது என்று விளக்குவதற்குத்தான் ஆறு காரணிகளையும் பிறகு பொருத்திப் பார்க்கிறார்கள். விளக்க முடியாத மிச்சமும் இருக்கும். தேர்வில் 'விளக்கும் காரணிகள்' என்று எழுதுங்கள். 'கூறுகள்' என்று எழுதாதீர்கள்.

கேள்வி: 2025 அக்டோபரில் விலைவாசி உயர்வு வெறும் 0.25 சதவீதம் என்றார்கள். மாதம் பிறந்தால் எங்கள் வீட்டில் பணம் போதவில்லை. வீட்டுக்காரர் கட்சிக்காரர், அரசு கணக்கு பொய் என்கிறார். என் தம்பி வேறு கட்சி. அக்காவுக்குச் செலவு செய்யத் தெரியவில்லை என்கிறான்.
— இல்லத்தரசி, அரூர்

பதில்: அம்மா, கணக்கும் பொய் இல்லை, நீங்கள் செலவு செய்வதிலும் தவறு இல்லை. 0.25 என்பது விலை ஏறும் வேகம். விலை நிற்கும் உயரம் வேறு. 100 ரூபாய்ப் பொருள் மூன்று வருடங்களில் 7, 6, 5 சதவீதம் என்று ஏறி, நான்காம் வருடம் 0.25 மட்டுமே ஏறியது என்று வையுங்கள். 107, 113.42, 119.09, கடைசியில் 119.39. நான்காம் வருடம் வேகம் நின்றுவிட்டது. விலை கீழே இறங்கவில்லை. நான்கு வருடத்துக்கு முன் 14,000 ரூபாயில் முடிந்த மாதச் செலவுக்கு இப்போது 16,715 ரூபாய் வேண்டும். சம்பளம் அந்த அளவுக்கு ஏறாத வீட்டில் 0.25 என்று கேட்டால் எரிச்சல் வருவது இயல்பு.

அந்த அக்டோபரில் எண் அவ்வளவு இறங்கியதற்குக் காரணம் உணவுப் பொருள்கள். முந்தைய வருடம் அதே மாதம் காய்கறி விலை உச்சத்தில் இருந்ததால், ஒப்பிடும்போது உணவு விலை சுமார் 5 சதவீதம் குறைந்ததாக வந்தது. செப்டம்பர் 22 முதல் நடந்த ஜிஎஸ்டி குறைப்பும் சேர்ந்துகொண்டது. 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட விலைவாசிக் குறியீட்டில் உணவு, பானங்களின் எடை, அதாவது மொத்தக் கணக்கில் அவற்றின் பங்கு, 45.86 சதவீதம். காய் விலை இறங்கினால் மொத்த எண்ணும் இறங்கும். ஆனால் உங்கள் வீட்டில் பள்ளிக் கட்டணத்துக்கும் வாடகைக்கும் அதிகம் போகிறது என்றால், நாட்டின் எண் உங்களுக்குப் பொருந்தாது.

உங்கள் வீட்டு எண்ணை நீங்களே போடலாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். போன வருடம் இதே மாதம் என்ன செலவு என்பதைத் தலைப்புவாரியாக எழுதுங்கள். எடுத்துக்காட்டாக: அரிசி, மளிகை 5,600; காய், பால் 2,100; வாடகை 2,800; பள்ளி, டியூஷன் 2,100; மருந்து, பஸ் 1,400. மொத்தம் 14,000. இப்போது அதே அளவு, அதே தரத்தில் வாங்க எவ்வளவு ஆகும் என்று பக்கத்தில் எழுதுங்கள். மளிகை 112 ஏறியது, காய், பால் 210 இறங்கியது, வாடகை 140, பள்ளி 252, மருந்து, பஸ் 84 ஏறியது. கூட்டிக் கழித்தால் 378 ரூபாய் ஏற்றம். 14,000-க்கு அது 2.7 சதவீதம். இந்த எடுத்துக்காட்டில் காய் மலிந்தும் பள்ளிக் கட்டணம் அதைத் தின்றுவிட்டது.

இந்தக் கணக்கில் பலரும் தவறுவது ஓர் இடத்தில்தான். போன வருடம் இரண்டு லிட்டர் எண்ணெய், இந்த வருடம் விருந்தாளிகள் வந்ததால் நான்கு லிட்டர் என்றால், அந்தக் கூடுதல் இரண்டு லிட்டர் விலைவாசியில் சேராது. விலையை மட்டும் ஒப்பிடுங்கள். ஒரு கிலோ பாக்கெட் சத்தமில்லாமல் 900 கிராம் ஆகியிருந்தால் அதைக் கட்டாயம் சேருங்கள். அதே விலை என்றாலும் அது 11 சதவீத ஏற்றம்.

இன்னொன்று: தினமும் வாங்கும் பொருளின் விலைதான் மனசில் நிற்கும். வருடத்துக்கொரு முறை வாங்கும் பொருள் மலிந்தால் நினைவுக்கு வராது. ரிசர்வ் வங்கி நகரக் குடும்பங்களிடம் "இப்போது விலை எவ்வளவு ஏறுவதாகத் தோன்றுகிறது" என்று இரண்டு மாதத்துக்கொரு முறை கேட்கிறது. 2025 கடைசியில் அரசுக் குறியீடு ஒரு சதவீதத்தைச் சுற்றி நின்றபோதும் குடும்பங்களின் விடை 6 சதவீதத்துக்கு மேல் இருந்தது. உங்கள் எரிச்சல் தனியான ஒன்றல்ல.

உங்கள் பக்கத்து வட்டத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2023 ஜூலையில் நாட்டில் தக்காளி விலை முந்தைய ஆண்டைவிட 201 சதவீதம் ஏறியது. குறியீட்டில் தக்காளியின் எடை வெறும் 0.57 சதவீதம். ஆனாலும் அது மட்டுமே மொத்த விலைவாசியை ஒரு சதவீதப் புள்ளிக்கு மேல் தூக்கிவிட்டது. அந்த மாதம் எண் 7.44. அரூரில் ரசத்துக்குத் தக்காளி போடாமல் புளியை மட்டும் கரைத்த அதே மாதம், பாலக்கோடு, ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குக் கூடை ஏற்றியவருக்கு நல்ல காசு. அன்று ஏணிக் கேள்வியைக் கேட்டிருந்தால் வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒரே படியைச் சொல்லியிருப்பார்களா?

கேள்வி: தமிழ்நாடு 2024-25-இல் 11.19 சதவீதம் வளர்ந்தது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். மாந்தோப்பு வைத்திருக்கும் எங்களுக்கு பெங்களூரா காய்க்குப் பறிகூலிகூடத் தேறவில்லை. வளர்ச்சி யாருக்கு?
— விவசாயி, போச்சம்பள்ளி

பதில்: உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் அந்த நியாயம் இன்னும் தெளிவாகும். 11.19 என்பது நிலையான விலையில், அதாவது 2011-12 விலையில் கணக்கிட்ட வளர்ச்சி. விலை ஏற்ற இறக்கத்தை நீக்கிவிட்டு, உற்பத்தியின் அளவு எவ்வளவு கூடியது என்பதை மட்டும் பார்ப்பது.

மாங்காயில் வைத்துப் பார்ப்போம், எண்கள் புரிதலுக்காக. போன வருடம் ஒரு ஏக்கரில் 4 டன், கிலோ 15 ரூபாய், கையில் வந்தது 60,000. இந்த வருடம் நல்ல காய்ப்பு, 6 டன். வரத்து கூடியதால் கிலோ 6 ரூபாய்க்கு இறங்கியது, கையில் வந்தது 36,000. அடிப்படை ஆண்டு விலை கிலோ 10 என்றால், வளர்ச்சிக் கணக்கில் உங்கள் தோப்பு 40,000-இலிருந்து 60,000-ஆக ஏறியிருக்கும். 50 சதவீத வளர்ச்சி. உங்கள் வரவோ 40 சதவீதம் விழுந்துவிட்டது. பறிகூலி, மருந்தடிப்பு, வண்டி வாடகை எல்லாம் டன்னுக்குத் தக்கபடி கூடியும் இருக்கும். அமோக விளைச்சல் ஆண்டில் விவசாயி அழுவதும், புள்ளிவிவரம் உயர்வதும் ஒன்றாக நடக்க முடியும். இது பொய்க் கணக்கு இல்லை. ஆனால் இதை விவசாயியின் வருமானம் என்று மேடையில் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

மேலும், இந்த எண் முதலில் 9.69 என்று வந்து, சில மாதங்கள் கழித்து 11.19 என்று திருத்தப்பட்டது. விவரங்கள் வந்து சேரச் சேரத் திருத்துவது வழக்கம்தான். முதல் மதிப்பீட்டை வைத்துப் பந்தயம் கட்டாதீர்கள். உங்கள் மனு மாவட்ட ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போகிறது என்றால், வளர்ச்சி சதவீதத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஏக்கருக்கு எத்தனை டன், பறிகூலி எவ்வளவு, கூழ் ஆலை தந்த விலை எவ்வளவு என்ற மூன்றையும் எடைச்சீட்டு நகலோடு எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: வேலையின்மை 3.2 சதவீதம்தான் என்கிறார்கள். எங்கள் தெருவில் டிப்ளமோ முடித்த பையன்கள் வீட்டுக்கு ஒருவர் சும்மா இருக்கிறார்கள். எப்படி?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பர்கூர்

பதில்: 3.2 என்பது 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்குமான எண். அதே கணக்கெடுப்பில் 15 முதல் 29 வயது வரை பார்த்தால் 10.2. உங்கள் தெருவுக்கு நெருக்கமான எண் இரண்டாவதுதான். அதைச் சொல்லி வாதாடுங்கள்.

வரையறையையும் கவனியுங்கள். அப்பாவின் மாடுகளுக்குத் தீவனம் போட்டு, பாலை சொசைட்டிக்குக் கொண்டுபோகும் பையன், கையில் ஒரு ரூபாய் வாங்காவிட்டாலும் 'குடும்பத் தொழிலில் ஊதியமில்லா உதவியாளர்'. வேலையில் இருப்பவர் கணக்கு. வேலை தேடுவதை நிறுத்திவிட்டுப் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் கணக்கிலேயே வர மாட்டார். 100 இளைஞரில் 50 பேர் வேலையில், 10 பேர் தேடுகிறார்கள், 40 பேர் படிக்கிறார்கள் என்றால் வேலையின்மை 60-க்கு 10, அதாவது 16.7 சதவீதம். தேடியவரில் 5 பேர் அலுத்துப்போய்ப் படிக்க உட்கார்ந்தால் 55-க்கு 5, 9.1 சதவீதம். ஒரு வேலையும் புதிதாக வரவில்லை. எண் மட்டும் ஏறத்தாழ பாதியாகிவிட்டது.

கேள்வி: கட்சியை வைத்து நாட்டு நிலைமையைப் பார்ப்பது நம் ஊரில் மட்டும்தானா?
— வாசகர், பென்னாகரம்

பதில்: இல்லை. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் மாதாமாதம் நுகர்வோர் மனநிலையைக் கேட்கிறது. 2016, 2020, 2024 அதிபர் தேர்தல்களுக்குப் பிறகு என்ன நடந்தது என்றால், வென்ற கட்சிக்காரர்களுக்குப் பொருளாதாரம் நன்றாகத் தெரிந்தது, தோற்ற கட்சிக்காரர்களுக்கு மோசமாகத் தெரிந்தது. விலையும் வேலையும் அந்தச் சில வாரங்களில் அவ்வளவு மாறவில்லை. கட்சி சாராத வருத்தமும் அங்கே உண்டு: 2022 ஜூனில் வேலையின்மை 3.6 சதவீதம் என்று மிகக் குறைவாக இருந்தும், விலைவாசி 9.1 சதவீதம் ஏறியதால் அந்த மனநிலைக் குறியீடு 50-க்கு விழுந்தது.

இதைவிட முக்கியமானது ஆங்கஸ் டீட்டன் கண்டறிந்தது. 2015-இல் பொருளாதார நோபல் பெற்றவர். கேலப் கணக்கெடுப்பில் ஏணிக் கேள்விக்கு முன்னால் அரசியல் கேள்விகளைக் கேட்டபோது, மக்கள் தங்களைச் சுமார் 0.6 படி கீழே இறக்கிச் சொன்னார்கள். வாழ்க்கை மாறவில்லை, கேள்வியின் வரிசை மாறியது. இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் உள்ள இடைவெளியைவிட இது பெரிது. அடுத்த கேள்விக்கு இது நேரடியாகப் பயன்படும்.

கேள்வி: எங்கள் இளைஞர் மன்றம் ஊராட்சியில் சொந்தமாக ஒரு கணக்கெடுப்பு நடத்தி கிராம சபையில் வைக்க நினைக்கிறது. சுமார் 800 வீடுகள். எப்படிச் செய்வது?
— ஊத்தங்கரை வட்டம்

பதில்: நல்ல காரியம். செலவு ஆயிரம் ரூபாய்க்குள் முடியும்.

100 வீடு எடுங்கள். 800-க்கு 100 என்றால் எட்டுக்கு ஒன்று. 1 முதல் 8 வரை சீட்டு எழுதிக் குலுக்கி ஒரு எண்ணை எடுங்கள். 5 வந்தால் 5, 13, 21 என்று வீட்டு வரி வரிசையில் போங்கள். தெரிந்த வீடு, வாசலில் ஆள் இருக்கும் வீடு என்று போனால் கணக்கு அங்கேயே கெட்டது. வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குத் தாவாமல் மூன்று முறை திரும்பிப் போங்கள். உங்கள் பகுதியில் இது மிக முக்கியம்: பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் வாரநாளில் கிடைக்க மாட்டார்கள். அவர்களை விட்டுவிட்டால் ஊரில் தங்கியிருப்பவர்களின் மனநிலை மட்டும்தான் கிடைக்கும். ஞாயிறு காலையும் திருவிழா நாள்களும் தோது.

வீட்டில் யாரிடம் கேட்பது என்பதையும் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும். 18 வயது நிரம்பியவர்களில் கடைசியாகப் பிறந்தநாள் வந்தவர் யாரோ அவர். இல்லாவிட்டால் எல்லா விடையும் குடும்பத் தலைவருடையதாகவே இருக்கும். பெண்களிடம் பெண்களே கேட்கட்டும், தனியாக. கணவர் பக்கத்தில் நின்றால் விடை மாறும்.

ஏணியை அட்டையில் வரைந்து கையில் கொடுங்கள், எண்கள் பெரிதாக. எழுத்துத் தெரியாதவர் படியை விரலால் தொட்டால் போதும். ஏணிக் கேள்விதான் முதல் கேள்வி. அதற்கு முன் குடிநீர், மகளிர் உரிமைத்தொகை, ஊரக வேலைத் திட்டம் என்று எதையும் பேசிவிடாதீர்கள். காரணம் மேலே சொன்னதுதான். பிறகு கேளுங்கள்: போன வருடம் எந்தப் படி, வருகிற வருடம் எந்தப் படி? கீழே இழுப்பது எது, ஒன்றே ஒன்று? கட்சித் துண்டு, கட்சிக் கொடி கட்டிய வண்டி, ஊராட்சித் தலைவரின் உறவினர், மூன்றும் கூடவே வரக் கூடாது. பெயர் எழுதாதீர்கள், வயது, ஆண்/பெண், தெரு போதும்.

சராசரியோடு நிறுத்தாதீர்கள். 0–4, 5–6, 7–10 என்று மூன்றாகப் பிரித்து எத்தனை பேர் என்று சொல்லுங்கள். ஐந்து பேர் 9-இலும் ஐந்து பேர் 1-இலும் நின்றாலும் சராசரி 5; பத்துப் பேரும் 5-இல் நின்றாலும் சராசரி 5. இரண்டும் ஒரே ஊர் இல்லை. 100 பேர் கணக்கில் சதவீதம் 10 புள்ளி வரை இப்படி அப்படி இருக்கலாம். அதனால் ஒரு பிரிவில் "காலனியில் 42 சதவீதம், மேல்தெருவில் 47 சதவீதம்" என்று கிடைத்தால் வித்தியாசம் இருப்பதாக அறிவிக்காதீர்கள். அந்த 10 புள்ளியை 5 ஆக்க வேண்டுமானால் ஆள் இரண்டு மடங்கு போதாது, நான்கு மடங்கு வேண்டும்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும். முதல் முறை மார்ச் 22-க்கு வைத்தால் நல்லது. அது உலக தண்ணீர் தினம். கீழே இழுப்பது எது என்ற கேள்விக்குத் தண்ணீர் என்று விடை வந்திருந்தால் அன்றே தீர்மானம் எழுத முடியும். அடுத்த வருடமும் அதே மாதம், அதே அட்டை, அதே சொற்கள். ஒரு சொல்லை மாற்றினாலும் இரண்டு வருடத்தையும் ஒப்பிட முடியாது. அட்டையின் ஒரு நகலையும் கேள்வித்தாளையும் ஊராட்சி அலுவலகக் கோப்பில் வைத்துவிடுங்கள். மன்றத்தில் அடுத்து வரும் பிள்ளைகளுக்குத் தேவைப்படும்.